மத்தியானம் விட்ட பள்ளிக்கூடம்

கேள்வி:

ஐயா, மண்டபத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர் எங்களுடையது. மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது, மகன் அதே பள்ளியில் ஆறாவது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இந்த முறை என்னைத் தலைவியாக்கியிருக்கிறார்கள். போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் வெயில்தான் அடித்தது. பதினோரு மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு ஊற்றத் தொடங்கியது. பன்னிரண்டரைக்குப் பள்ளியை விட்டுவிட்டார்கள். நான் நண்டு கம்பெனியில் வேலையில் இருந்தேன். போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். வீட்டுக்காரர் வள்ளத்தை இழுத்துக் கட்டக் கரைக்கு ஓடிவிட்டார். இருபது நிமிடத்தில் வரவேண்டிய பிள்ளைகள் மூன்று மணிக்கு வந்தார்கள். தரைப்பாலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியிருக்கிறது. மகனுடைய செருப்பு ஒன்று போய்விட்டது, வேறு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் கேட்டேன். "பிள்ளைகள் நல்லதுக்குத்தானேம்மா விட்டோம். தீயணைப்பு வண்டியெல்லாம் வந்து ஒத்திகை நடத்தி, போட்டோ கூட அனுப்பியிருக்கோமே" என்கிறார் ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன், சண்டை போட மனசில்லை. நான் எட்டாவதுதான் படித்திருக்கிறேன். அவரிடம் என்ன கேட்கணும், எப்படிக் கேட்கணும் என்று சொல்லுங்கள்.

பதில் சொல்பவர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்:

சகோதரிக்கு வணக்கம். எட்டாவதுதான் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மணி இருக்கிறது, தண்ணீரின் ஆழம் இருக்கிறது, யார் எந்த இடத்தில் இருந்தார் என்பதும் இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் மேசைக்கு வந்த அறிக்கைகள் பலவற்றில் இந்த மூன்றும் இருந்ததில்லை. அதனால் உங்களிடம் ஒளிக்காமல் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அந்த ஒத்திகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. உங்கள் பள்ளிக்கு வந்த வண்டியில் நான் இல்லை. ஆனால் அதே மாதிரி எத்தனையோ பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். மைதானத்தில் ஒரு தகர டின்னில் டீசல் ஊற்றிக் கொளுத்துவோம், நுரை அடித்து அணைப்போம், கடைசியில் தண்ணீரை உயரமாகப் பீய்ச்சுவோம். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு பையனை ஏணியில் ஏற்றிக் கட்டித் தூக்கி இறக்குவோம். படம் எடுப்போம். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அது தீயணைப்புத் துறையின் ஒத்திகை, பள்ளியின் ஒத்திகை இல்லை. பள்ளி என்ன செய்யும் என்பதை அன்றைக்கு யாரும் பார்க்கவே இல்லை. இது எனக்கு உறைப்பதற்குப் பல வருடம் ஆனது.

உறைக்க வைத்தது ஒரு சின்னச் சம்பவம். கடலோரப் பள்ளி ஒன்றில், வழக்கமான வேடிக்கை முடிந்ததும், சும்மா ஒரு யோசனையில், "இப்போது உண்மையிலேயே மணி அடித்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து எண்ணிக் காட்டுங்கள்" என்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் நான்கு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள். எண்ணுவதுதான் முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் உள்ளதைவிட மூன்று பேர் குறைந்தார்கள். திரும்ப எண்ணினார்கள், அப்போது நான்கு பேர் குறைந்தார்கள். அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது: இரண்டு பையன்களை ஒரு சார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு அனுப்பியிருந்தார். ஒரு பெண் வயிற்றுவலி என்று கழிப்பறைக்குப் போய், மணி எதற்கு என்று தெரியாமல் அங்கேயே நின்றிருந்தாள். நான்காவது பையன் முதல் பீரியடுக்கு ஆஜர் சொல்லிவிட்டு, பாட்டியைப் பஸ் ஏற்றிவிட வீட்டுக்குப் போயிருந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நிஜத் தீயாக இருந்திருந்தால், அந்த இரண்டு பையன்களைத் தேடி என் ஆட்களைப் புகைக்குள் அனுப்பியிருப்பேன். பையன்கள் ஜெராக்ஸ் கடையில் நின்றிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துப் பாதுகாப்பு என்றால் நான் சொல்வது இதைத்தான்: இந்த நிமிடம் எத்தனை பிள்ளைகள், யார் எங்கே, யார் பொறுப்பில். இதற்குப் பதில் இருக்கிற பள்ளி பாதிக் கிணறு தாண்டிவிட்டது. பதில் இல்லாத பள்ளியில் சிவப்பு சிலிண்டர் எத்தனை மாட்டி என்ன பிரயோசனம்?

நம் கரையில் இதை விளக்க வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் எத்தனை பேர் போனார்கள்? நூற்றுக்கு மேல் என்பது எல்லாரும் சொல்வது. டிக்கெட் கணக்கு ஒன்று, டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு வேறு. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரே எண்ணைச் சொல்ல முடியவில்லை. செத்தவர்களைக்கூட எண்ணிச் சொல்ல முடியாமல் போவதுதான் புயலின் கொடுமை என்று எங்கள் அப்பத்தா சொல்லும். ரயிலுக்கு நேர்ந்தது பள்ளிக்கு நேர வேண்டாம்.

இப்போது உங்கள் பிள்ளைகள் நனைந்து வந்த அந்த நாளுக்கு வருகிறேன். ஹெட்மாஸ்டர் நல்ல மனசோடுதான் விட்டிருக்கிறார், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குப் பள்ளியில் எடுத்த முடிவுகளிலேயே ஆபத்தானது அதுதான். கொட்டுகிற மழையில் பள்ளியை விடுவது, கடல் கொந்தளிக்கும்போது வள்ளத்தைவிட்டுக் குதித்து நீந்திக் கரைக்குப் போ என்று சொல்வது மாதிரி. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் வள்ளத்தைவிட்டு இறங்காதே என்றுதான் சொல்வார். நிற்கிற கான்கிரீட் கட்டடத்திலிருந்து, தரைப்பாலமும் அறுந்து விழக்கூடிய மின்கம்பியும் உள்ள ரோட்டுக்குப் பிள்ளையை இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து மழை எப்படி என்று 2024 நவம்பர் 20 காட்டியது. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் சுமார் 19 செ.மீ. ராமேஸ்வரத்தில் அந்த ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். தண்ணீர் வடிய வழியில்லாத தட்டை நிலம், ஓடைகளில் வீடு, போதாததற்குக் கடலும் ஏறி நின்றால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. காலையில் காய்ந்து கிடந்த தரைப்பாலம் மத்தியானம் ஆறாகிவிடும். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு வந்தால் பெரிய ஆளையே காலை வாரும், ஆறாவது படிக்கிற பையன் எம்மாத்திரம். செருப்பு மட்டும் போனது உங்கள் மகள் தம்பியின் கையை விடாததால்தான் என்று நினைக்கிறேன். அவளை ஒரு வார்த்தை பாராட்டுங்கள்.

ஆகவே ஹெட்மாஸ்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் இது: பள்ளி நடக்கும்போது மழையோ காற்றோ பிடித்துக்கொண்டால், பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பதுதான் விதி, வெளியே அனுப்புவது விதிவிலக்கு என்று தீர்மானம் போடலாமா? "பெற்றோர் வந்து கூட்டம் போடுவார்களே" என்பார். போடுவார்கள்தான். அதற்காகத்தான் அடுத்த விஷயம்.

யாரிடம் ஒப்படைப்பது? பள்ளியில் ஒரு போன் நம்பர் பதிவேடு இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அப்பா நம்பர் ஒன்றுதான் இருக்கும். நம் ஊரில் அப்பா கடலுக்குள் இருந்தால் அந்த நம்பர் இருந்தும் இல்லாததுதான். அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போயிருப்பார், இல்லை உங்களைப்போல நண்டு கம்பெனியில் போனை வெளியே வைத்திருப்பார். நாம் பிழைக்கிற பிழைப்பைத் தெரிந்துதான் இந்தப் பதிவேட்டைப் போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று நம்பர். அதில் ஒன்றாவது எப்போதும் கரையில் இருக்கிற ஆளுடையது: கடை வைத்திருக்கும் மாமா, வீட்டோடு இருக்கும் அப்பத்தா, பக்கத்து வீட்டு அக்கா. கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குக் கம்பெனி ஆபீஸ் நம்பர். மூன்று பேரில் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் பிள்ளை போகும், வேறு யார் வந்து எந்த உறவு சொன்னாலும் போகாது. இது மழைக்கு மட்டுமில்லை, சாதாரண நாளில் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூட்டிவரச் சொன்னார்கள்" என்று பைக்கில் வருகிற ஆளுக்கும் இதே விதி. ஜூன் மாதம் எழுதியதை ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், நம் ஆட்கள் ஆபர் வந்தால் சிம் மாற்றுகிறவர்கள்.

இதோடு ஒரு வேலையையும் உங்கள் குழுவே செய்யலாம், ஹெட்மாஸ்டருக்கு அதிகப் பாரம் இல்லை. பிள்ளைகள் எந்தெந்த வழியாக வருகிறார்கள் என்று ஒரு சார்ட்டில் வரையச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பீரியடில் வரைந்துவிடுவார்கள். தரைப்பாலம் எங்கே, திறந்த கிணறு எங்கே, ஊருணிக் கரை எங்கே, துருப்பிடித்துச் சாய்ந்த மின்கம்பம் எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். எந்தப் பாலம் மூழ்கினால் எந்தத் தெருப் பிள்ளைகள் நிற்க வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சாய்ந்த கம்பத்தைப் பற்றி மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்குச் சொல்லலாம், நம்பர் 94987 94987.

எப்போது ஆயத்தத்தைத் தொடங்குவது என்று அதிகாரிகள் எப்போதும் குழம்புவார்கள். கலெக்டர் விடுமுறை அறிவித்தால் பள்ளி இல்லை, அது சுலபம். அறிவிப்பு இல்லாத, ஆனால் காற்று சரியில்லாத நாள்தான் சிக்கல். இதில் கடலோரப் பள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டால், அந்தச் செய்தி நம் ஊர்ப் பெண்களுக்கு டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். ஹெட்மாஸ்டர் பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவராக இருக்கலாம், அவருக்குத் தெரியாது. டோக்கன் நிறுத்தம் என்றால் அன்றைக்கே பள்ளியில் ஆயத்தம் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பேராபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருக்கும். பள்ளிச் சுவரில் மட்டும் எங்கேயும் எழுதிப் பார்த்ததில்லை. கடல் காற்றே இல்லாமல் பொங்கி ஏறுகிற கள்ளக்கடலுக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அதுவும் மீனவர் சங்கங்களுக்கு வந்துவிடும். சங்கத்திலிருந்து ஒருவர் ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரையை ஒட்டி வந்து நின்று வலுவிழந்தது. அப்போது கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தன. அதனால் நம் பள்ளிகளுக்கு அந்தப் பரீட்சை நடக்கவே இல்லை. பரீட்சை எழுதாமல் பாஸ் ஆனவர்கள்தான் நாம்.

மணியைப் பற்றி ஒன்று. இப்போது எல்லாப் பள்ளியிலும் கரண்ட் மணி. புயலில் முதலில் போவது கரண்ட். பழைய தண்டவாளத் துண்டைத் தூக்கி எறிந்திருந்தால் தேடிப் பிடித்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டு விதமான சத்தம் வேண்டும். விடாமல் அடித்தால் வெளியே வா: தீ, காஸ் கசிவு, கூரை விரிசல். விட்டுவிட்டு மூன்று மூன்றாக அடித்தால் இருக்கிற இடத்திலேயே இரு: புயல், இடி, வெள்ளம். ஏறக்குறைய எல்லாப் பள்ளியும் முதல் விதத்தை மட்டும்தான் பழக்குகிறது. நம் கரைக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவது. பெருங்காற்று நாளில் மணி கேட்டு முந்நூறு பிள்ளைகளும் மைதானத்துக்கு ஓடிவந்தால், பறக்கிற தகர ஷீட்டுக்கு நடுவில் நிற்பார்கள். காற்று அடிக்கும்போது ஓட்டுக்கூரை, ஷீட்டுக்கூரை அறைகளைக் காலி செய்து கான்கிரீட் அறைக்கு வர வேண்டும், ஜன்னல் பக்கம் உட்காரக் கூடாது. காற்று திடீரென்று அடங்கினால் முடிந்தது என்று கதவைத் திறக்கக் கூடாது. புயலின் கண் கடந்ததும் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடி நாளில் மைதானமும் பனைமரத்தடியும் ஆகாது. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் போனபின்தான் வெளியே விட வேண்டும்.

காது கேளாத பிள்ளை இருந்தால் எந்த மணியும் கேட்காது. நடக்க முடியாத பிள்ளை இருந்தால் படியில் இறங்க முடியாது. அப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்து வைக்க வேண்டும். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் இருப்பார்.

அடுத்தது உப்பு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒத்திகை நடத்துகிற யாரும் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. கடற்காற்றில் வருகிற உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். முதலில் சீலிங்கில் காப்பிக் கறை மாதிரி கோடு தெரியும். பிறகு அந்த இடம் லேசாக உப்பும். கம்பால் தட்டினால் மொத்தென்று கேட்காமல் டொக்கென்று கூடு மாதிரி கேட்கும். அதற்குப் பிறகு ஒருநாள் ஜல்லியோடு பெயர்ந்து விழும், பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. சன்ஷேடும், கழிப்பறைச் சுவரும், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூணும்தான் முதலில் கெடும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையில் இருந்தபோது அல்ல, இடைவேளையில். எனவே விடுமுறை நாளில் நீங்கள் நான்கு அம்மாக்கள் சேர்ந்து பள்ளியைச் சுற்றி நடங்கள். கறை தெரிந்தால் படம் எடுங்கள். உப்பிய இடத்துக்குக் கீழே உள்ள பெஞ்சை அன்றைக்கே நகர்த்தச் சொல்லுங்கள், அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். பழுது பார்க்க எழுதிக் கேட்கும்போது அந்தப் படத்தைச் சேர்த்து வையுங்கள். வெள்ளையடித்து மறைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தீயைப் பற்றி, என் தொழில் என்பதால் நீட்டிவிடுவேன், சுருக்கிக்கொள்கிறேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனது சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதால். ஓடுவதற்குச் சரியான வழியும் இல்லை. அதன்பின் 2009-ல் உச்ச நீதிமன்றமே பள்ளிகளுக்குத் தீப் பாதுகாப்பைக் கட்டாயம் என்றது. கீற்றுக் கூரைகள் போய்விட்டன. போகாதது பூட்டு. உங்கள் பள்ளியின் பின்பக்க கேட்டைப் போய்ப் பாருங்கள், பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேன் இடுப்பில் இருக்கும், வாட்ச்மேன் டீக்கடையில் இருப்பார். பள்ளி நேரத்தில் பூட்டுப் போடாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டு, ஓர் ஆளை நிறுத்தினால் போதும். சமையலறை சிலிண்டர் அறைக்கு வெளியே இருக்கட்டும். லேப் அமிலம் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் திறந்து பாருங்கள். நம் பக்கம் அதுதான் சந்தேகம்.

மழை முடிந்தால் பாம்பு. சீமைக்கருவேலம் மண்டிய மைதான ஓரத்தையும், கழிப்பறைப் பின்புறத்தையும் ஐப்பசிக்கு முன் வெட்டிவிட வேண்டும். கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் 108-ல் அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான். மந்திரிக்கிற இடத்துக்குப் போகிற அரை மணி நேரம் உயிருக்கு விலை.

கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியும், பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரியாது, யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஒருவன் முழுகினால் காப்பாற்ற இன்னொருவன் குதிப்பான், இரண்டு பேரும் போவார்கள். குதிக்காதே, காலி கேனை எறி, கயிற்றை எறி, கத்து. இதை ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தால் பதிந்துவிடும். தூக்கிய பிள்ளை மூச்சுவிடவில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலை வேண்டாம். முதலில் வாயில் வாய் வைத்து ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 108 ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டால் பள்ளிக்கு வந்து பொம்மை வைத்துக் கற்றுத்தருவார்கள், கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஆபத்து வானத்திலிருந்தும் கடலிலிருந்தும் மட்டும் வருவதில்லை. ஆள் உருவத்திலும் வரும். பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும். அதை யார் திறக்கிறார்கள், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை தன்னிடம் யாரோ தவறாக நடந்ததாகச் சொன்னால், விசாரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், பள்ளியின் பெயர் கெடும் என்பதெல்லாம் போக்சோ சட்டத்தில் கிடையாது. 2012-லிருந்து, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறை. பிள்ளைகளே கூப்பிட 1098, கல்வித் துறைக்கு 14417. இந்த இரண்டு எண்களும் பெண்கள் கழிப்பறைச் சுவரில் எழுதியிருக்கட்டும். ஆபீஸ் அறை நோட்டீஸ் போர்டில் எழுதி வைத்தால் யார் போய் நின்று பார்ப்பார்கள்?

இத்தனையும் ஒரே கூட்டத்தில் எடுத்துப் போடாதீர்கள். ஹெட்மாஸ்டர் தன்மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பதாக நினைப்பார், ஆசிரியர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் தலையில் ஏற்கெனவே எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, தேர்தல் வேலை, தேர்ச்சி விகிதம் என்று ஏகப்பட்டது இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன்: "சார், வருகிற வெள்ளிக்கிழமை, சொல்லாமல் ஒரு மணி அடிப்போம். வண்டி வேண்டாம், போட்டோ வேண்டாம். பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். நாங்களும் கூட நிற்கிறோம்." இதற்கு மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் காரணம் இருக்காது. எண்ணிக்கை தட்டினால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, அவரே வெளியே அனுப்பும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் போடச் சொல்வார். அந்த நோட்டிலிருந்து மூன்று நம்பர் பதிவேட்டுக்குப் போகலாம், அங்கிருந்து மழைத் தீர்மானத்துக்கு.

ஒருவேளை தட்டிக்கழித்தால், உங்கள் கையில் சட்டமும் இருக்கிறது. மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பள்ளிகள் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தீர்மானப் பதிவேட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இதெல்லாம் கடைசிக்கு. முதலில் மணி.

மழைக்காலத்தில் மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இதை உங்கள் போனில் மட்டுமில்லாமல் மகளின் நோட்டு அட்டையிலும் எழுதி வையுங்கள், நனைந்தால் அழியாத மையில்.

அந்த வெள்ளிக்கிழமை எண்ணிக்கை எத்தனை நிமிடத்தில் சரியாக வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வரவில்லை என்றால், குறைந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையா, சமையலறையா, வாட்ச்மேன் போன அதே டீக்கடையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.